நானூற்றுப் பன்னிரண்டு துணிகள்

பனியன் துணி நம்ப முடியாத ஆசாமி. மேசையில் விரித்தால் சாதுவாகக் கிடக்கும். ஊசி இறங்கியதும் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். சட்டைத் துணியில் வட்டமாக விழுகிற பூ, பனியன் துணியில் கோழிமுட்டையாக விழும். எம்பிராய்டரிக்காரர்களின் பாதி ஆயுசு, வட்டத்தை வட்டமாகவே விழவைப்பதில் போய்விடுகிறது. பெருமாநல்லூர் சாலையில் இந்த வேலையில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டால், 2009-ம் வருஷம் வரைக்கும் எல்லாரும் பஞ்சிங் மாஸ்டர் சகாயராஜைத்தான் கை காட்டினார்கள்.

பஞ்சிங் என்றால் பெரிய மாயமில்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு நெருக்கமாகக் குத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. அதை வாங்கிக்கொண்டு தையல் மெஷின் தானாக ஓடும். எழுதியது சரியாக இருந்தால் பூ பூவாக வரும். தப்பாக இருந்தால் துணி சுருங்கி, கிழவி வாய் மாதிரி ஆகிவிடும்.

சகாயராஜ் சாத்தான்குளத்துப் பக்கம். பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்து, முதலில் எம்பிராய்டரி யூனிட்டில் நூல் வெட்டினார், பிறகு மெஷின் ஓட்டினார். யூனிட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடவே எல்லாருக்கும் பயம். இவர் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், இருபது வருஷம் ஓடிவிட்டது. ஆங்கிலம் எட்டாம் வகுப்பிலேயே இவரைக் கைகழுவிவிட்டது. இவரும் அதைப் பற்றி வருத்தப்பட்டதில்லை. எந்தப் பட்டன் எந்த மூலையில் இருக்கிறது, அமுக்கினால் என்ன ஆகும் என்பது தெரியும். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை.

அவருடைய சொத்து ஒன்றுதான். பஞ்சிங் மென்பொருளில் ஒவ்வொரு துணிக்கும் நெருக்கம் எவ்வளவு, இழுப்பு எவ்வளவு, அடியில் என்ன தையல் என்று அளவுகளைச் சேர்த்து வைக்கலாம். ஒன்பது வருஷமாகச் சேர்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு துணிகள். எல்லாவற்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். எப்போதும் சுருங்குகிற ஒரு மெல்லிய துணிக்கு ‘அழுமூஞ்சி’ என்று பெயர். விறைப்பாக நிற்கிற காலர் துணிக்கு ‘மாப்பிள்ளை’. எந்தத் துணி வந்தாலும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “இது அழுமூஞ்சிக்குத் தங்கச்சிலா” என்பார். பட்டியலில் அதைத் தேடி, ஒரு புள்ளி கூட்டிக் குறைத்துப் போடுவார். முதல் சாம்பிளே ஓகே ஆகிவிடும்.

இதில் ஒரு ரகசியம் இருந்தது. அது அவர் மனைவி அன்னபாக்கியத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் கண் டாக்டர் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டிருக்கிறது, போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், கண்ணை ரொம்ப வருத்தாதீர்கள். ஓரங்களெல்லாம் இருண்டு, நடுவில் மட்டும் ஒரு துண்டு உலகம் மிச்சமிருந்தது. டி.வி.எஸ். வண்டியை விற்றுவிட்டு, பஸ்தான் வசதி என்று சொல்லிக்கொண்டார். யூனிட்டில் நூல்கோன் பெட்டிகளில் இடித்துக்கொண்டால், மாஸ்டர் ஏதோ யோசனையில் நடக்கிறார் என்று மற்றவர்கள் மரியாதையாக விலகினார்கள்.

புதிதாக ஒரு துணிக்கு அளவு கண்டுபிடிக்க வேண்டுமென்றால், தைத்த துண்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ஊசி ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அது இனி அவரால் ஆகாது. ஆனால் அந்த நானூற்றுப் பன்னிரண்டும் கையில் இருக்கும்வரை அவசியமும் இல்லை. விரல் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. திருப்பூருக்கு வருகிற துணி எல்லாமே ஒன்றுக்கொன்று சொந்தம்தான். அந்தப் பட்டியல் இருக்கிறவரை அவர் மாஸ்டர். அது போனால் நாற்பத்தி நாலு வயதில், பிள்ளையில்லாத வீட்டில், பாதிக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள். இதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

வேலை மூன்று இடத்தில் நடந்தது. மெஷின்கள் இருக்கிற பெருமாநல்லூர் யூனிட், சாம்பிள் போடுகிற டவுன் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் போயம்பாளையத்தில் அவருடைய லைன் வீடு. மூன்றிலும் கம்ப்யூட்டர். பென் டிரைவில் போட்டுச் சுமந்த காலத்தில் எது புதுசு, எது பழசு என்று குழம்பி, ஒரு தடவை ஜெர்மனிக்குப் போக வேண்டிய கரடிக்கு ஒரு காது இல்லாமலே தைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளி குமாரசாமி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மாதவனைக் கூப்பிட்டுவிட்டார்.

மாதவன் இன்டர்நெட்டில் ஓர் இடம் பிடித்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தான். பஞ்சிங் மென்பொருளின் பட்டியலையே தூக்கி அந்த ஃபோல்டருக்குள் வைத்துவிட்டான்.

“இனி பென் டிரைவே வேண்டாமுங்ணா. ஒரு கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுனாலும் மத்ததுலயும் அதுவே தானா ஆயிருமுங்க” என்றான்.

யூனிட்டில் ஒரு அளவை மாற்றிவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அது மாறியிருந்தது. சகாயராஜ் முதல் வாரம் பூராவும் அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். சிடியில் எழுதி வைக்கிற பழக்கத்தையும் அதோடு விட்டார். எல்லாம் மேலே, இன்டர்நெட்டில், பத்திரமாக இருக்கும்போது சிடி எதற்கு? பழைய சிடிகளை ஆபீஸ் பெண்கள் வாங்கிப்போய், பூசைத் தோரணத்தில் பளபளவென்று கோத்துக் கட்டிவிட்டார்கள். மாதவன் சொன்ன “என்ன பண்ணுனாலும்” என்பதில் அழிப்பதும் சேர்த்தி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத் தோன்றும்?

குமாரசாமி வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டக்காரர். கோபம் வந்தால்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். ஆயுத பூசை என்றால் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். கத்தரிக்கோலிலிருந்து விளக்குமாறு வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். மறுநாள் விஜயதசமிக்கு, நல்ல நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். சும்மா மோட்டாரை மட்டும் ஓடவிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். நூல் மாட்டி, துணி கட்டி, முழுசாக ஓட்ட வேண்டும். சகாயராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் இருபது வருஷமாக இந்த யூனிட்டில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பது அவர்தான்.

அந்த வருஷம் மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உறை போட்டு நின்றது. புதுசு வந்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

“சகாயம், அதைய நம்மூர்ப் பள்ளிக்கொடத்துக்குக் குடுத்துரலாமுங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சு ஒரு சுத்து ஓட்டிப்போட்டு வண்டில ஏத்திரலாம். நம்ம டிசைன் எதும் அதுக்குள்ள இருக்கப்படாது, பாத்துக்குங்க. பையருக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வந்துருவான்” என்றார் குமாரசாமி.

“நான் பாத்துக்கிடுதேன் மொதலாளி” என்றார் சகாயராஜ்.

பார்த்துக்கொண்டார். செப்டம்பர் இருபத்தேழு, ஆயுத பூசை ஞாயிறு. பழைய கம்ப்யூட்டரை வெளியே இழுத்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்தார். பிறகு உள்ளேயும் துடைத்தார். அதிலும் மாதவன் போட்ட அதே ஃபோல்டர் இருந்தது. இந்தப் பெட்டியில் இருக்கிற நகல் இந்தப் பெட்டியோடு போகிறது, நம் பட்டியல்தான் மற்ற இடங்களில் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்து, அவ்வளவையும் அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். நெட் ஒயர் அப்போது அதில் மாட்டியிருக்கவில்லை. கடைசியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரத்தைச் சுற்றிவிட்டார்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு மேல் நல்ல நேரம். கற்பூரம் காட்டியானதும் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடின. குமாரசாமி பழைய கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங்க சகாயம், ஒயரெல்லாம் தொங்குது? நூலு மாட்டாத மெஷினை ஓட்டுன மாரி இருக்குதுங்க. எல்லாத்தையும் மாட்டி ஓட்டுங்க.”

சகாயராஜ் எல்லாவற்றையும் மாட்டினார். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், நெட் ஒயர். சுவிட்சைப் போட்டார். திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. குமாரசாமி அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பொரி சாப்பிடப் போனார். இவரும் ஒரு கை பொரி வாங்கிக்கொண்டார்.

அரை மணி கழித்து, நல்ல நேரத்திலேயே ஒரு சாம்பிள் போட்டு வைக்கலாமென்று புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். துணிப் பட்டியலைத் திறந்தார். வெள்ளையாக இருந்தது. கண்தான் காலை வாருகிறது என்று நினைத்து, தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் வெள்ளைதான். மாதவன் சொன்ன வாக்கியம் அப்போதுதான் முழு அர்த்தத்தோடு அவர் தலையில் இறங்கியது.  டவுன் ஆபீஸிலும் இந்நேரம் பூசை முடிந்து எல்லாவற்றையும் ஓட்டியிருப்பார்கள். அங்கேயும் போயிருக்கும். மிச்சம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதை நேற்றிலிருந்து யாரும் போடவில்லை.

ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். வழியெல்லாம் பூசணிக்காய் உடைத்துப் போட்டு ரோடு சிவப்பாகக் கிடந்தது. வண்டிகளெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோலப் போயின. போட்டிருக்காது, போட்டிருக்காது, பாக்கியம் அதைத் தொடவே மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்னபாக்கியம் தொடவில்லை. கம்ப்யூட்டர் துணி மூடி அப்படியே இருந்தது. சகாயராஜுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு செய்ய வேண்டிய ஒரே காரியம் நெட் ஒயரைப் பிடுங்குவது. அவசரத்தில் அவர் சுவிட்சைப் போட்டார். இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டுமே.

இருந்தது. அழுமூஞ்சி, மாப்பிள்ளை, எல்லாம் வரிசையாக நின்றன. கீழே எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு. “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று சத்தமாகவே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூலையில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

குனிந்தார். நெட் பெட்டி மேசைக்கு அடியில், ஓரத்தில் இருந்தது. அந்த ஓரம் அவருக்கு இல்லை. கையை நீட்டித் தடவினார். ஒரு ஒயர் அகப்பட்டது. பிடுங்கினார். மேலே ஃபேன் நின்றது.

“பாக்கியம்! ஒயரு! அந்த ஒயரைப் பிடுங்கு!”

அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “எந்த ஒயருங்க? இங்க ஆறு கெடக்கே!”

“நெட்டு ஒயரு! ஏதாவது ஒண்ணைப் பிடுங்கு, எல்லாத்தையும் பிடுங்கு!”

அவள் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தாள். திரை அணைந்தது.  பிறகு அவர் சொன்னபடி நெட் ஒயரை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் ஒயர்களை மாட்டினாள். கம்ப்யூட்டர் மெதுவாகக் கண் விழித்தது. பட்டியல் வெள்ளையாக இருந்தது.

“அந்த மாதவன் தம்பிக்கு ஒரு போன் போடுங்களேன்” என்றாள் அன்னபாக்கியம்.

“என்னன்னு சொல்ல? அழிச்சவன் நாந்தான்னா? மொதலாளி காதுக்குப் போவும். அவரு வைய மாட்டாரு. ‘பரவால்லீங்க சகாயம், உங்களுக்குத் தெரியாததா, திரும்பப் போட்ருங்க’ம்பாரு. எந்தக் கண்ணை வச்சுப் போட?”

அவள் எழுந்துபோய் ஃபேனை மாட்டினாள்.

சகாயராஜ் திரும்பப் போட ஆரம்பித்தார். வேறு வழி என்ன இருந்தது? ஓடுகிற டிசைன்கள் ஏற்கெனவே மெஷின்களுக்குள் ஏறியிருந்தன, துணிப் பட்டியலை அவரைத் தவிர யாரும் திறப்பதில்லை, அதனால் வேறு யாருக்கும் விஷயம் தெரியவில்லை. எல்லாருக்கும் முன்னால் யூனிட்டுக்குப் போய், வெட்டுத் துணிகளில் தைத்துப் பார்த்து, ஜன்னல் வெயிலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு ஓட்டையைப் பார்த்தால் பக்கத்து ஓட்டை தெரியாது. அதைப் பார்த்தால் முதலில் பார்த்தது மறந்துபோகும். ஞாபகத்திலிருந்து எழுதிய அளவுகள் காலை வாரின. தீபாவளிக்கு முன் அவசரமாகப் போன டிஷர்ட்டுகள், நெஞ்சில் சுருக்கம் என்று திரும்பி வந்தன.

“ஏனுங்க சகாயம், ஒடம்புக்கு ஆகலீங்களா? ரெண்டு நாள் லீவு போட்டுக்குங்க” என்றார் குமாரசாமி. அந்தத் தன்மையான பேச்சு சகாயராஜை இன்னும் கொன்றது.

அக்டோபர் நடுவில் மாதவன் ஒரு மவுஸ் மாற்ற வந்தான். இருவரும் சேர்ந்துதான் டீ குடித்தார்கள்.

“ஃபோல்டரெல்லாம் நல்லா ஓடுதுங்களாண்ணா?”

“நல்லா ஓடுது தம்பி.”

தீபாவளி லீவில் திருப்பூரே காலியானது. தெக்கத்தி பஸ்களில் நிற்க இடமில்லை. சகாயராஜ் ஊருக்குப் போகவில்லை. யூனிட்டில் தைத்துக் கொண்டுவந்த துண்டுகளோடு ஒன்பது நாளும் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு துணி தேறியது. அதில் சரியானவை எத்தனை என்று அவருக்கே தெரியாது. இடது கண்ணில் வலி குடைந்தது. குண்டு பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தது. டாக்டர் வருத்தாதே என்று சொன்ன கண்ணை அவர் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். அன்னபாக்கியம் மருந்து விடும்போதெல்லாம் அழுதாள். “சொல்லிருங்க, போதும்” என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை இல்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. எழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தைத்து எண்பது பீஸ் வீணானது. அது வீணாவது அவர் கண்ணில் படவே இல்லை, மெஷின் ஓட்டுகிறவர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. சகாயராஜ் நேராகக் குமாரசாமியின் அறைக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பட்டியல் போனதை, அழித்தது தான்தான் என்பதை, கண்ணை.

குமாரசாமி நாற்காலியை இழுத்து, “உக்காருங்க” என்றார். போனை எடுத்து மாதவனை வரச் சொன்னார்.

மாதவன் வந்து விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

“அட, இவ்வளவுதானுங்களா! இதுக்கா பயந்தீங்க? அழிச்சது ஒரேயடியா அழிஞ்சு போகாதுங்ணா. நெட்டுல அந்த எடத்துக்காரங்க தனியா எடுத்து வெச்சிருப்பாங்க. ரெண்டு அமுக்கு அமுக்குனா பூராவும் திரும்பி வந்துருமுங்க.”

சகாயராஜ் எழுந்துவிட்டார்.  குமாரசாமியும் எழுந்து மாதவனுக்குப் பின்னால் வந்து நின்றார். மாதவன் பக்கத்தைத் திறந்துகொண்டே கேட்டான்.

“எப்பங்ணா அழிச்சீங்க? போன வாரமுங்களா?”

“விஜயதசமிக்கு மொதநா.”

மாதவனின் விரல்கள் நின்றன. பிறகு ஒருமுறை அமுக்கினான். இன்னொரு முறை அமுக்கினான்.

“மேல இருந்து போனது விஜயதசமி அன்னிக்குங்களா?” என்று மெல்லக் கேட்டான். “முப்பது நாளைக்குத்தானுங்க வெச்சிருப்பாங்க.”

குமாரசாமி சுவரில் இருந்த காலண்டரிடம் போய், விரல் வைத்து எண்ணினார். ஒருமுறை எண்ணி, நம்பாமல் மறுபடியும் எண்ணினார். “முப்பத்தஞ்சுங்க” என்றார்.

 சகாயராஜ் கேட்டார்: “அந்த முப்பது நாளும் அது அங்கனதான் இருந்துச்சா தம்பி?”

“இருந்துச்சுங்ணா.”

“முழுசாவா?”

“முழுசாத்தானுங்க.”

“நான் டீ குடிச்சேனே உங்கூட, அன்னைக்கும்?”

மாதவன் தலையைக் குனிந்துகொண்டான். சகாயராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

“அந்தப் பட்டன் எங்க இருக்கு? காட்டு. பாக்கணும்.”

“இங்கதானுங்ணா. இடதுபக்கம், ஓரத்துல.”

அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். இருந்த பார்வையில் பாதி இந்த ஒரு மாதத்தில் போயிருந்தது. “எங்க தம்பி? எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாதவன் அவருடைய விரலைப் பிடித்துத் திரையின் இடது ஓரத்தில் கொண்டுபோய் வைத்தான். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. சகாயராஜுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.